புது டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் நடந்தது இது. பசறையிலிருந்து நமுனுகுலைக்கு ஏறும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னும் கொஞ்சம் நடந்தால் எங்கள் தோட்டம். அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணக்கு வழக்கு எழுதும் லிகிதராக இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி மறுநாள் சாயந்தரம் முடிந்துபோன விஷயம்தான்.

எங்களுக்கு ஒரே மகள். கெம்பஸில் கடைசி வருஷம். அவளிடம் ஒரு லெப்டொப் இருந்தது. கெம்பஸ் கிடைத்தபோது, யாரோ பாவித்ததைத்தான் வாங்கிக் கொடுத்தோம். நான்கு வருஷத்தில் அது மிகவும் தளர்ந்துவிட்டது. காலையில் அதை ஓன் பண்ணி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, தலை வாரி முடித்துவிட்டு வந்தால்தான் திரை வெளிச்சம் காட்டும். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் திறக்க ஒரு பாட்டு முடியும் நேரம் வேண்டும். "விடுங்கப்பா, அதுவும் வயசாளிதானே. மெதுவாத்தான் எழும்பும்" என்பாள். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு அவள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியும்.

அவளுடைய இறுதி ஆய்வு, கொழுந்து பறிக்கும் பெண்களின் உடம்பு வலி பற்றியது. ஆறு மாதமாக லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து, காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும் நேரத்திலேயே போய் நின்று, யார் யாருக்கு எப்போது நேரம் என்று கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ப் பேசிப் பேசிப் பதிவு செய்தாள். அந்தக் குரல்கள் எல்லாம் அந்த லெப்டொப்பில்தான் இருந்தன. எழுதிய அறிக்கையும் அதில்தான். பேசியவர்களில் இரண்டு பேர் பின்னர் வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவர் இறந்தே போனார். வியாழக்கிழமை அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அதை முடிக்கத்தான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அந்த வாரம் பதுளை ஆஸ்பத்திரிக்கு சீனி வியாதி கிளினிக்குக்காகப் போனேன். திரும்பும் வழியில் ஒரு கொம்பியூட்டர் கடை. சும்மா விசாரித்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க்கைப் போட்டால், கிழட்டு லெப்டொப்கூட குமரி மாதிரி ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். விண்டோஸையும் அதிலேயே ஏற்றித் தந்தார். "பழச கழட்டுங்க, இத மாட்டுங்க. அப்புறம் இந்தக் கேபிள்ல பழச கொழுவி, உள்ள இருக்கிறத எல்லாம் கொப்பி பண்ணுங்க. அவ்வளவுதான். இந்த ஸ்டிக்கர் மட்டும் பத்திரம். அழிஞ்சாலோ கிழிஞ்சாலோ வொரண்டி இல்ல" என்றார். கொண்டுவந்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மகளுக்குச் சொல்லவில்லை. சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற ஆசை.

சனிக்கிழமை மொனராகலையில் என் அக்கா வீட்டில் ஒரு சடங்கு. மகளை மட்டும் அனுப்பினோம். அடுத்த நாள் சாயந்தரம் வந்துவிடுவாள். போகும்போது, "அப்பா, அதுல எந்தக் கொப்பியும் எடுத்து வைக்கல. பென் டிரைவ் கெட்டுப்போச்சு. வந்த உடன அதத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதைக் கேட்ட பிறகும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். 'நானே எல்லாம் கொப்பி பண்ணி வைத்துவிடுகிறேன், வந்து பார்த்து அசந்து போகட்டும்' என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் பிரிண்டர் சிக்கினால் நான்தான் திறப்பேன். ஆகவே பயமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். போனில் ஒரு வீடியோவைப் போட்டு, சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரமாகச் சாய்த்து வைத்தேன். கழற்றிய திருகாணிகளை வரிசை மாறாமல் தேத்தண்ணி சோசரில் அடுக்கினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"புதுசா வாங்கினத சாமிக்கிட்ட வச்சீங்களா?"

நல்லவேளை ஞாபகப்படுத்தினாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் குக்கர் வாங்கினாலும் குடை வாங்கினாலும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு பொட்டு வைத்துத்தான் பாவனைக்கு எடுப்போம். டிஸ்க்கையும் வைத்தேன். கும்பிட்டேன். சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தைத் தொட்டு வைத்துவிட்டு, மேசைக்குக் கொண்டுவந்து லெப்டொப்புக்குள் தள்ளினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. திருகாணிகளைப் போட்டு மூடினேன். ஓன் பண்ணினேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. டிஸ்க் எதுவும் இல்லை, டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஒரு கீயை அழுத்து என்று ஆங்கிலத்தில் சொன்னது.

கீயை அழுத்தினேன். அதே வரி இன்னொரு தடவை வந்தது. பெட்டரியைக் கழற்றி மாட்டினேன். வீடியோவில் சொன்னபடி ஓன் பட்டனை ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடித்தேன். உள்ளே போய் எந்தெந்த டிஸ்க் இருக்கிறது என்று காட்டும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கும் வெறுமைதான். கழற்றி மறுபடி தள்ளினேன். மூன்று தடவை. சரி, புதுசு பழுது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், பழசையே போட்டுவிடுவோம் என்று பழைய டிஸ்க்கை மாட்டினேன்.

அதே கறுப்புத் திரை. அதே வெள்ளை எழுத்து.

காலையில் அவள் மூடி வைத்துவிட்டுப் போன டிஸ்க் அது. அதற்குள் ஆறு மாதம் இருந்தது. நான் கழற்றிய பிறகு அது இல்லை என்கிறது மிஷின்.

கேபிளைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. வீட்டில் வேறு கொம்பியூட்டர் இல்லை. டி.வி. இருந்தது. பழைய டிஸ்க்கைக் கேபிளில் கொழுவி டி.வி.யின் பின்பக்கத்தில் சொருகினேன். டி.வி. ஒரு கேள்வி கேட்டது. இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்யவா, ஓகே, கென்சல் என்று. எனக்கிருந்த பதற்றத்தில் ஏதோ திறக்கப்போகிறது என்று நினைத்து ரிமோட்டைத் தூக்கினேன். ஓகேயின் மேல் விரல் வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே மனைவிக்கு என்ன தோன்றியதோ, சுவரில் இருந்த ஸ்விட்சை அடித்து டி.வி.யை அணைத்துவிட்டாள்.

"என்னடி செய்ற?"

"என்ன கேக்குதுன்னு தெரியாம எதுக்குங்க பதில் சொல்றீங்க?"

ஃபோர்மட் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது என்று பிறகுதான் என் மூளைக்கு எட்டியது. ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் டிஸ்க்கைக் கையில் எடுத்து, காய்ச்சல் பார்ப்பது மாதிரி புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கு. டி.வி. கேள்வி வேற கேட்டுச்சு. உயிரு இல்லாததப் பாத்து யாராவது கேள்வி கேப்பாங்களா?"

"நீ பேசாம இரு" என்றேன். அன்று எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே சரியான வார்த்தைக்கு நான் கொடுத்த மரியாதை அது.

சாயந்தரம் மகள் போன் எடுத்தாள். பின்னால் மைக் சத்தம், சின்னப் பிள்ளைகளின் கூச்சல். "அப்பா, அத்தை பலகாரம் கட்டித் தாராங்க. அம்மாக்கிட்ட சொல்லுங்க. லெப்டொப்ப சார்ஜ்ல போட்டு வைங்க, வந்த உடன உக்காரணும்" என்றாள். "சரிம்மா" என்றேன். அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அந்தச் 'சரிம்மா'தான்.

அடுத்த நாள் பௌர்ணமி, போயா. ஊரே விடுமுறை. பஸ்ஸும் குறைவு. பழைய டிஸ்க்கைத் துவாயில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, புதியதைச் சட்டைப் பையில் போட்டு, லெப்டொப் பையை மார்போடு கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினேன். பசறையில் பஸ் மாறி, வளைவுக்கு வளைவு அந்தப் பெட்டியைக் குலுங்காமல் பிடித்துக்கொண்டு பதுளையில் இறங்கினேன். நினைத்தபடியே கடை பூட்டியிருந்தது. போர்டில் இருந்த நம்பரை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

விகாரைக்குப் போகிற சனம் வெள்ளை உடுப்போடு போய்க்கொண்டிருந்தது. கடை வாசலில் ஒரு சிங்கள அம்மா தாமரைப் பூ விற்றுக்கொண்டிருந்தார். நான் மூடிய கடையின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். கையிலிருந்த பையையும் பார்த்திருக்கிறார். "மாத்தயா, பஸ் ஸ்டாண்ட் பின்னால மாடி. நங்கி, தங்கச்சி ஒண்ணு கொம்பியூட்டர் செய்யும். இன்னிக்கும் தொறக்கும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, ஒரு பூவையும் எடுத்து நீட்டினார்.

மாடியில் ஒரு சின்ன அறை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண், திறந்துபோட்ட போன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழ்தான். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் என்று பிறகு சொன்னார். என்னைப் பார்த்ததும் பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"உக்காருங்க சேர். என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. டொக்டர்கிட்ட சொல்ற மாதிரி. வீட்டுல செஞ்சத மறச்சா எனக்குத்தான் வேல கூடும்."

சொன்னேன். வீடியோ, சோசர், மூன்று தடவை கழற்றி மாட்டியது, டி.வி. எல்லாம் சொன்னேன். டி.வி. கதைக்கு மட்டும் அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஓகே அமுக்கலையே?"

"இல்லம்மா. வீட்டுக்காரம்மா சுவிட்ச அணைச்சுட்டாங்க."

"அவங்கள ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. இங்க வேல தாரேன்."

எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "புதுசு போட்டாலும் இல்லங்குது. பழசு போட்டாலும் இல்லங்குது. அடுத்தடுத்து ரெண்டு பேரு ஒரே பஸ்ல ஏற மாட்டேங்குறாங்கன்னா கொளாறு ஆளுலயா இருக்கும், பஸ்ல இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பழைய டிஸ்க்கை எடுத்து, பழைய பல் பிரஷ் ஒன்றால் அதன் முனையைத் தட்டிவிட்டு, தன்னுடைய கொம்பியூட்டரில் கேபிள் வழியாகக் கொழுவினார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. தாமரைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேர், பாருங்க."

மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள். மகளின் பெயரில் ஒன்று. அதற்குள் இன்னும் பல. எல்லாம் நல்லபடி இருக்கிறதா என்று நிச்சயப்படுத்த அவர் ஒரு பதிவைத் தட்டினார். என் மகளின் குரல் அந்த அறைக்குள் வந்தது. "சொல்லுங்க பெரியம்மா, எந்தப் பக்கம் நோவு?" அதற்கு ஒரு பெண் சொன்னார், "எந்தப் பக்கம் நோவல்லன்னு கேளு, அது சொல்றது லேசு." பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பின்னால் மழை தகரத்தில் விழுகிறது. இறந்துபோன அந்த அம்மாவின் குரல் அது. எங்கள் தொழிற்சாலைக்கு வருஷக்கணக்காகக் கொழுந்து போட்டவர். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கடைக்காரப் பெண் அந்தப் பதிவை உடனே நிறுத்தவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான் பேசும்" என்று மட்டும் சொன்னார். நான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

முதல் காரியமாக எல்லாவற்றையும் தன் கொம்பியூட்டரில் ஒரு பிரதி எடுக்கப் போட்டார். அது ஓடும்போது லெப்டொப்பைக் கவிழ்த்து, டிஸ்க் போய் உட்காரும் பொந்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். ஒரு பல்லுக்குச்சியை விட்டு எதையோ நெம்பி எடுத்தார். காய்ந்துபோன மஞ்சள் துண்டு. மூக்கருகில் கொண்டுபோனார்.

"சேர், இது என்ன? வாசமா இருக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அந்த மாடியிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

"சந்தனம்" என்றேன்.

"சந்தனமா? இதுக்குள்ள எப்படிப் போச்சு?"

"புது டிஸ்க்குக்குப் பொட்டு வச்சேன்."

ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது, இதை நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. இது செய்த காரியங்களில் ஒன்று என்றே எனக்குத் தோன்றவில்லை. மூச்சு விட்டேன் என்று யாராவது டொக்டரிடம் சொல்வார்களா?

சட்டைப் பையிலிருந்த புது டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் முனையில் தங்க நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் உண்டு. மின்சாரமும் செய்தியும் போய் வருகிற பற்கள் அவை. அவற்றின் இடுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"ஏன் அண்ணே, இவ்வளவு இடம் இருக்க, இங்கதானா வைக்கணும்?"

'சேர்' என்றது 'அண்ணே' ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். உண்மையைச் சொன்னேன். மேல் பக்கம் ஸ்டிக்கர். கறை பட்டால் வொரண்டி இல்லை. அடிப்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. முனையில் தங்கக் கோடு போட்டு லட்சணமாக இருந்தது. சந்தனம் தாராளமாகவே வைத்தேன்.

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். என்னை இளக்காரம் செய்யும் சிரிப்பாக அது இல்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் லாச்சியை இழுத்துக் காட்டினார். அதற்குள் அவருடைய ஸ்க்ரூ டிரைவர்கள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஆயுத பூஜைக் குங்குமம் மங்கலாகத் தெரிந்தது.

"நானும் வைக்கிற ஆளுதான் அண்ணே. ஆனா பொட்ட நெத்தியில வைங்க. வாயில வச்சா அது எப்படிப் பேசும்?"

ஈரத்தோடு புதியதை உள்ளே தள்ளியதில் சந்தனம் பொந்துக்குள் ஒட்டிக் காய்ந்துவிட்டது, அதற்குப் பிறகு எந்த டிஸ்க்கைப் போட்டாலும் பல்லோடு பல் சேரவில்லை என்று விளக்கினார். மூன்று தடவை கழற்றி மாட்டியதில் நான் அதை நன்றாக அமுக்கியும் விட்டிருக்கிறேன். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷால் பொந்தையும் இரண்டு டிஸ்க்குகளையும் பொறுமையாகத் தேய்த்தார். காயவைத்தார். மறுபடி தேய்த்தார். புதியதை மாட்டி ஓன் பண்ணினார். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். அதை வெளியே விடுவதற்குள் திரை வந்துவிட்டது.

மகளுடைய எல்லாவற்றையும் அதில் ஏற்றி, பென் டிரைவ் ஒன்றிலும் தனியாக ஒரு பிரதி போட்டுத் தந்தார். பழைய டிஸ்க்கைத் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்தவர், "வியாழக்கிழம முடியிற வரைக்கும் இதத் தொடாதீங்க. சாமிக்கிட்டயும் வைக்காதீங்க" என்றார். கையிலிருந்த தாமரைப் பூவை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பசறையில் இறங்கியபோது மொனராகலை பஸ் அப்போதுதான் வந்து நின்றது. பலகாரப் பையோடு மகள் இறங்கினாள். தப்பிக்க வழியில்லை. என் தோளில் தொங்கிய பையைத்தான் முதலில் பார்த்தாள்.

"என் லெப்டொப் ஏம்பா உங்க கிட்ட இருக்கு?"

எங்கள் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டைத் தவிர. கொஞ்ச தூரம் போனதும் அதையும், அதற்குக் கடைக்காரப் பெண் சொன்னதையும் சொன்னேன். அவள் பையைத் திறந்து, மடியில் வைத்து ஓன் பண்ணினாள். ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக எண்ணுவது மாதிரி பார்த்தாள். மூடினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேகமா இருக்குல்ல?" என்றேன்.

"கேட்டிருக்கலாம்லப்பா" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை தூறியது. ஒரு குடையில் இரண்டு பேரும் நடந்தோம். ஃபெக்டரி வளைவுக்கு வந்ததும் திடீரென்று நின்றாள். "வாயிலயாப்பா வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். குடையைப் பிடிக்க முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் நனைந்தோம். வீட்டு வாசலில் நின்ற என் மனைவிக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "உயிரு இருக்குன்னு நான் நேத்தே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத் துவாய் எடுக்க உள்ளே போனாள்.

வியாழக்கிழமை அறிக்கை போய்ச் சேர்ந்தது. ஆனால் பல நாள் எனக்குத் தூக்கத்தில் அந்த வெள்ளை எழுத்து வந்தது. ரிமோட்டை எடுத்தால் இன்றும் விரல் ஒரு கணம் நின்றுதான் அமுக்குகிறது.

கெம்பஸுக்குத் திரும்பும் நாள் காலையில் மகள் லெப்டொப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சாமிப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "பொட்டு வைங்கப்பா" என்றாள். சந்தனம் தொட்ட விரலோடு நான் தயங்கினேன். மூடியின் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் வைத்தேன். அன்றிலிருந்து அவளுக்காக எதைச் செய்ய ஆசைப்பட்டாலும் இடம் காட்டிய அவளுடைய அந்த விரல்தான் என் கண்ணுக்கு முன்னால் வருகிறது. எங்கே என்று அவளைக் கேட்ட பிறகுதான் என் கை நீள்கிறது.